ஐந்தாவது பெட்டி

த்ரொம்சோவில் நவம்பர் கடைசி.
சூரியன் நேற்றோடு நின்றுவிட்டது, இனி ஜனவரியில்தான்.
பகல் பதினொன்றுக்கு ஜன்னல் முழுக்க
மைப்புட்டி கவிழ்ந்த நீலம்.
மூன்றாம் மாடியில் விளக்கைப் போட்டுக்கொண்டு
நான் குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கிறேன்.

தேர்ந்தெடுப்பது என்றால் கழிப்பது.
நான்கிலிருந்து ஒன்பது வயது.
காது கேட்க வேண்டும்:
பீப் ஒலித்ததும் மரக்கட்டை வாளிக்குள் விழ வேண்டும்.
அண்ணத்தில் பிளவு கூடாது, தசையில் தளர்ச்சி கூடாது.
சொல் தலைக்குள் முழுசாய் இருந்து
வாய்க்கு வரும் வழியில் கலைய வேண்டும்.
கலைவதும் தடவைக்கு ஒரு மாதிரி.
ஒரே தப்பை ஒழுங்காகத் திரும்பச் செய்கிற பிள்ளை
எங்களுக்கு ஆகாது.

காலையில் வந்தவன் சிந்த்ரெ, ஆறு வயது.
பட்டக்க சொல்லு என்றேன்.
பட்டக்க பட்டக்க பட்டக்க
படிக்கட்டில் பந்து இறங்கியது.
ஒன்றரை வருஷம் சமையலறை மேசையில்
அவனோடு உட்கார்ந்த தகப்பன் தூர்கெய்ர்
கைதட்டப் போய்,
பாதியில் என் பேனாவைப் பார்த்தார்.
"நேற்று இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை"
என்றார் தாழ்ந்த குரலில்,
மகனைக் காட்டிக்கொடுப்பவர்போல.

மதியத்துக்குப் பிறகு ஆன்தெ.
ஐந்து மணி நேரம் பனிச்சாலையில் ஓட்டி வந்திருந்தாள்
அம்மா மாரெத். மருந்துக்கடையில் வேலை,
மலைக்கு அந்தப்பக்கம், சாமி மக்களின் ஊர்.
உருளைக்கிழங்குப் படத்தைக் காட்டினேன்.
நார்வேஜிய மொழியில் பூத்தெத். ஐந்து முறை சொல்ல வேண்டும்.
தூப்பெத் என்றான்.
பூப்பெ.
உதடு குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது,
இருட்டில் சுவிட்சைத் தேடும் கைபோல.
பூத்தெத்!
அவனே திடுக்கிட்டான்.
அடுத்ததில் தொலைந்தது. கூத்தெ. பிறகு வெறும் மூச்சு.

எனக்கு உள்ளே குதூகலம்.
மன்னிக்க வேண்டும், அதுதான் சரியான சொல்.
இருபத்துநான்கு இடத்தில்
பதினொன்றுதான் நிரம்பியிருந்தது.

ஐந்தாவது பெட்டி: வீட்டில் ஒரே மொழிதானா?

மாரெத் உடனே பதில் சொல்லவில்லை.
மகனின் காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள்,
அது நன்றாகத்தான் கட்டியிருந்தது.
"இல்லை என்று எழுதினால் இவன் கிடையாது, அப்படித்தானே?"
அப்படித்தான்.
"வேண்டுமானால் ஒரே மொழி என்று போட்டுக்கொள்ளுங்கள்.
எங்கள் குடும்பத்துக்காக
அப்படி ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறார்கள்."
கோபமாகச் சொல்லவில்லை.
விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்நேரம் ஆன்தெ அடுத்த படத்தை
தானாகவே திருப்பிவிட்டான். மீன்.
நான் எதிர்பார்த்த சொல் வேறு.
அவன் சொன்னது ஒல்லி.
அப்புறம் குவொயி. குல்லு. ல்லி.
ஒவ்வொன்றுக்கும் அம்மா தலையசைத்தாள்.
குவொல்லி, மீன், ஆமாம் மீன்தான் என்று
அவன் மொழியிலேயே சொன்னாள்.
நான்கு விதமாய் உடைந்த மீனை
நான்கு முறையும் முழுசாய் வாங்கிக்கொண்டாள்.
படிவத்தில் அதற்குப் பத்தி இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
ஓரத்தைக் கணினி வாசிக்காது, தெரியும்.

'இல்லை' என்ற பெட்டியில் கோடு போட்டேன்.
உண்மையைத்தான் போட்டேன்.
அதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம்.

அவர்கள் போன பிறகு
மரக்கட்டை வாளிக்குள் ஒரு நீலக் கையுறை கிடந்தது.
மூன்று விரல் அகலம்.
உறையில் விலாசம் எழுத உட்கார்ந்தேன்.
நார்வேஜியப் பெயர் எனக்குத் தெரியும்.
மாரெத் தன் கைப்பட எழுதியிருந்தது மற்றப் பெயர்,
குவொவ்தகெய்த்னு.
தபால் நிலையத்தில் கேட்பார்களே என்று
சொல்லிப் பார்த்தேன்.
குவொதகெ.
குவ்த... கெத்னு.
கொவகெய்.
ஆளில்லாத அறையில் உதட்டைக் குவித்து, விரித்து.

ஐந்து மணிக்குத் தபால் நிலையம் மூடிவிடும்.
கோட்டை மாட்டிக்கொண்டு,
பனியில் முணுமுணுத்தபடி இறங்கினேன்.